பிரேக் அடித்தால் மங்கும் பின்விளக்கு

பிரேக்கை அழுத்தினால் பின்விளக்கு பளிச்சென்று கூட வேண்டும். என் வண்டியில் எல்லாம் தலைகீழ். இரவில் லைட் போட்டு ஓட்டும்போது ஓரளவு எரிகிற டெயில் லைட், பிரேக் அடித்தவுடன் மங்கிப்போகும். பகலில் லைட் அணைந்திருக்கும்போது அடித்தால் பின்னால் கிட்டத்தட்ட இருட்டு, ஆனால் முன்னால் ஸ்பீடோமீட்டருக்குள் லேசாக ஒரு வெளிச்சம் வரும். பார்க்கிங்கில் இருட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. இந்த ஸ்பீடோமீட்டர் விஷயம்தான் எனக்குப் பெரிய துப்பு, ஆனால் அதை மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் காதில் வாங்கவே இல்லை.

வண்டி 150 சிசி, 2017 ஏப்ரலுக்கு முந்தையது, அதாவது ஹெட்லைட்டை அணைத்துவைக்க சுவிட்ச் இருந்த காலத்து வண்டி. எல்லா விளக்கும் பேட்டரியிலிருந்து ஓடும் ரகம். (சில பழைய சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஓடும், என்ஜின் ஓடினால்தான் எரியும். அந்த வண்டிகளுக்கு நான் சொல்வது முழுசாகப் பொருந்தாது.) வீடு திருவான்மியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் கேட்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் என்று எதையும் விட்டுவைக்காத ஊர்.

மெக்கானிக் முதலில் சொன்னது, "பிரேக் சுவிட்ச் போயிருக்கும் சார், மாத்திடலாம்." எனக்கு அது சரியாகப் படவில்லை. முன் லிவருக்கு ஒரு சுவிட்ச், பின் பெடலுக்கு ஒரு சுவிட்ச், இரண்டும் இணையாக இருப்பவை. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். எதை அழுத்தினாலும் ஒரே கோளாறு என்றால், இரண்டும் சேர்ந்து போக வாய்ப்பு குறைவு, கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். ஃபியூஸும் இல்லை, அது போயிருந்தால் ஹார்ன், இண்டிகேட்டர் என்று கூடவே வேறு ஏதாவதும் படுத்திருக்கும்.

அடுத்து பல்ப். 12 வோல்ட், 21/5 வாட், உள்ளே இரண்டு இழை. 5 வாட் டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. இதில் ஒரு சங்கதி உண்டு: பல்பின் அடியில் இருக்கும் இரண்டு பின்னும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரே ஒரு வாகில்தான் ஹோல்டரில் இறங்கும். அதை மல்லுக்கட்டித் திருப்பி மாட்டினால் டெயில் லைட் பிரகாசமாகவும் பிரேக் லைட் மங்கலாகவும் எரியும். அதையும் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் மாட்டியிருந்தது. புது பல்ப் போட்டும் அதே கதை. அப்புறம் கடையில் "எல்இடி பல்ப் போடுங்க சார், சூப்பரா எரியும்" என்றார்கள். எரியும்தான், அது மிகக் குறைந்த கரண்டில் எரியக்கூடியது என்பதால் எர்த் (கரண்ட் பல்பிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) கெட்டிருந்தாலும் எரிந்துவிடும். நோய் அப்படியே இருக்க, காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுவது மாதிரி. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடியைப் போட்டால் ரோஸ் கலரில் அடிக்கும், அதுவும் எனக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றுவிட்டேன்.

மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு சோதனை செய்தார். பல்பைக் கழற்றி, பிரேக்கை அழுத்தி, ஹோல்டரில் வோல்ட் பார்த்தார்: 12.4. பிறகு ஹோல்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு பீப் வைத்தார், அதாவது வழி விடாமல் இருந்தால் மீட்டர் சத்தம் போடும் சோதனை. அடித்தது. "கரண்டும் வருது, எர்த்தும் ஓகே. ஒயரிங் கிட்டையே மாத்தினாத்தான் சரிவரும் சார்." டேங்க், சீட் எல்லாம் கழற்றிச் செய்யும் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு.

இந்த இரண்டு சோதனையுமே ஏமாற்றுபவை. பல்ப் இல்லாதபோது கரண்டே ஓடுவதில்லை, மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லை. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12.4 காட்டும். பல சாதாரண மீட்டர்கள் வழியில் இருக்கும் தடை 30, 40 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடித்துவிடும். 21 வாட் பல்ப் முழுசாக எரிய ஒன்றேமுக்கால் ஆம்பியர் வேண்டும், அந்த ஓட்டத்துக்கு நடுவில் 9 ஓம் உட்கார்ந்திருந்தால் பல்புக்கு என்ன மிஞ்சும்?

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பல்பை ஹோல்டரிலேயே விட்டு அளந்தேன். பின் பெடலை ஒரு கயிற்றால் கீழே இழுத்துக் கட்டிவிட்டேன், இரண்டு கையும் மீட்டருக்கு வேண்டுமே. இக்னிஷன் ஆன், லைட் ஆஃப். டெயில் லைட் கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) பின்பக்கமாக, ஒயர் நுழையும் ஓட்டையில் ஒரு குண்டூசியைச் செருகி பிரேக் ஒயரில் அளந்தால் 11.9. நல்லது, வர வேண்டியது வருகிறது. கறுப்புக் குச்சியை பேட்டரி மைனஸிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பை ஹோல்டரின் பித்தளை உடம்பில் வைத்தேன். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும், 0.2 வரை போனால் பரவாயில்லை. காட்டியது 8.6. அப்படியானால் பல்புக்குக் கிடைப்பது மூன்றேகால் வோல்ட்தான், மீதி எல்லாம் எர்த் ஒயரில் போகிறது.

ஸ்பீடோமீட்டர் வெளிச்சத்துக்கும் காரணம் இதுதான். பல்பின் இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றே. அந்த வழி அடைபட்டதும், 21 வாட் இழை வழியாக வந்த கரண்ட் 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, டெயில் ஒயர் வழியாக முன்னால் போய், அதே லைனில் இருக்கும் மீட்டர் விளக்கு வழியாக எர்த் தேடிக்கொள்கிறது. லைட் போட்டிருக்கும்போது இரண்டு இழையும் ஒரே கெட்ட எர்த்துக்குப் போட்டி போடுவதால் டெயில் லைட் மங்குகிறது.

உறுதிசெய்ய ஒரு துண்டு ஒயரை ஹோல்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு வைத்தேன். கண் கூசும்படி எரிந்தது. பிறகு எர்த் ஒயரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. எர்த் கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு, அதனால் கலரை மட்டும் நம்பாமல் ஹோல்டரிலிருந்தே பிடித்துக்கொண்டு போவது நல்லது. என் வண்டியில் அது சீட்டுக்கு அடியில், பின் மட்கார்டை ஒட்டி ஒரு வளையத்தில் முடிந்து போல்ட்டால் பிரேமில் முறுக்கியிருந்தது. மட்கார்டு தண்ணீர் நேராக அடிக்கும் இடம். வளையத்துக்குள் ஒயர் நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு. லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மேல்தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப்போய், விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. ஒரு விரல் நீளம் வெட்டிய பிறகுதான் பளபளப்பான கம்பி கிடைத்தது.

குறைந்த நீளத்துக்கு அதே தடிமனில் புது ஒயர் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் மாட்டி, புது வளையம் அழுத்தி, பிரேமில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பெயின்ட் போகும்வரை தேய்த்து முறுக்கி, மேலே தாராளமாக வாஸ்லின் பூசினேன். மறுபடி அளந்தால் 0.1. பொருள் செலவு நூறு ரூபாய்க்குள். பின் இண்டிகேட்டர்களும் அதே வளையத்தில்தான் எர்த் ஆகின்றன, அவையும் இப்போது நன்றாகத் துடிக்கின்றன.

சீட்டை மாட்டுவதற்கு முன்னால் பின் பிரேக் சுவிட்சையும் சரிசெய்துவிட்டேன், பெடல் பாதி இறங்கிய பிறகுதான் லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும், உடம்பைத் திருப்பினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எரியும்படி வைத்திருக்கிறேன்.