அம்மாவின் இமையும் பேனாக் கோடும்

ஏற்காட்டில் மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் குச்சி ஒன்று அம்மாவின் புருவத்தடியில் கீறிவிட்டது. பெரிய காயமில்லை. மறுநாள் இமை வீங்கி மூடிக்கொண்டது. அதற்கடுத்த நாள் காலையில் சிவப்பு கன்னம் வரை இறங்கியிருந்தது. வீக்கத்தைவிட வலிதான் எங்களைப் பயமுறுத்தியது. எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்பவர், விரல் படும் முன்பே அலறினார். சர்க்கரை வேறு பல வருடமாக இருக்கிறது. அன்றைக்கே கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் வந்துவிட்டோம்.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் முதலில் சிவப்பின் விளிம்பைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதினார். அப்புறம் கண் டாக்டர் வந்து இமையை மெல்லப் பிரித்தார். விழி முன்னால் தள்ளியிருக்கிறதா, நாலா பக்கமும் அசைகிறதா என்று பார்த்தார். மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி, "ரெண்டுலயும் ஒரே சிவப்பாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார். இமைக்கும் கண்குழிக்கும் நடுவே மெல்லிய தடுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறதாம். கிருமி அதைத் தாண்டிவிட்டால் பார்வை நரம்புக்கே ஆபத்து. சி.டி. ஸ்கேனில் தாண்டவில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த சர்ஜன் ஒரு கணக்குப் போட்டார். சதையை அழுகவைக்கும் தொற்றைச் சீக்கிரம் கண்டுபிடிக்க 2004-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வெளியிட்ட முறை அது, லிரினெக் என்கிறார்கள். சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்த அளவு), வெள்ளை அணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியேட்டினின், சர்க்கரை என ஆறு சோதனைகளுக்கும் சேர்த்து அதிகபட்சம் 13. மொத்தம் 6 வந்தாலே சந்தேகம், 8 என்றால் பலத்த சந்தேகம். அம்மாவுக்கு சி.ஆர்.பி. 168, 150-ஐத் தொட்டாலே அதற்கு மட்டும் 4. வெள்ளை அணு 17,400, ஹீமோகுளோபின் 12.1, சர்க்கரை 286. இவற்றுக்குத் தலா 1. மற்ற இரண்டும் நார்மல். ஆக 7.

"ஏழுன்னா கண்ணு பொழைக்குமா சார்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ற கணக்கு இல்லைங்க இது. கத்தி வைக்கணுமான்னு நம்மள யோசிக்க வைக்கிற கணக்கு. கம்மியா வந்திருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டினா விடமாட்டோம்."

மாலைக்குள் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. இமையின் நடுவில் தோல் ஊதாவாக மாறி, சின்னக் கொப்புளமும் எழும்பியிருந்தது. அதற்கு மேல் அவர்கள் காத்திருக்கவில்லை. பென்சிலினும் கிளிண்டாமைசினும் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தன. இரவே செத்த சதையை அகற்றினார்கள். அதைக் கல்ச்சருக்கு அனுப்பியதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி என்று வந்தது.

மறுநாள் காலை மறுபடியும் கோடு, மறுபடியும் சி.ஆர்.பி. இமைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், காலிலோ வயிற்றிலோ வருவதைவிட இங்கே தேறும் வாய்ப்பு அதிகம் என்று சர்ஜன் சொன்னார். ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது சி.ஆர்.பி. இறங்கியதையும், சிவப்பு கோட்டுக்குள்ளேயே சுருங்கியதையும் கண்ணால் பார்த்தபோதுதான். வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், தினமும் அந்த இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். பார்வையையும் சேர்த்துக் கேளுங்கள்.

காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமையில் ஒட்டியிருக்கிறார்கள். பார்வைக்குக் குறையில்லை. தூங்கும்போது இமை முழுசாக மூடாததால் கருவிழி காயாமலிருக்க இரவில் ஆயின்ட்மென்ட் போடுகிறோம். தழும்பு இளகியதும் இமையைச் சரிசெய்ய இன்னொரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது.