செஸ்வானின் சொந்த ஊர்

மதுரையில் கல்லூரியில் படித்த நாட்களில், மாலை நேரத் தள்ளுவண்டியில் செஸ்வான் ஃப்ரைடு ரைஸ் சாப்பிடாத வாரமே கிடையாது. சிவப்பாக இருக்கும், பூண்டு தூக்கலாக இருக்கும், கூடவே லேசாக இனிக்கும். சீனாவின் தென்மேற்கில் இருக்கும் சிச்சுவான் மாகாணத்தின் பெயர்தான் நம் ஊரில் செஸ்வான் ஆயிற்று என்பது பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது. அந்த மாகாணத்தின் சாப்பாடு எனக்கு வாய்த்ததோ லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே, அல்ஹாம்ப்ரா என்ற புறநகரில்.

அண்ணன் வீடு பசடீனாவில். அங்கிருந்து காரில் தெற்கே கொஞ்ச தூரம் போய் வேலி பூல்வார்டு சாலையைத் தொட்டதும் கடைப் பலகைகளில் சீன எழுத்துகள் பெருத்து, ஆங்கிலம் சிறுத்துவிடுகிறது. பல் மருத்துவமனை, வங்கி, மூலிகைக் கடை எல்லாமே அப்படித்தான். 1970களில் ஃபிரெடரிக் ஷே என்ற மனை வணிகர், பக்கத்து ஊரான மான்ட்டரே பார்க்கைப் பற்றித் தைவானிலும் ஹாங்காங்கிலும் விளம்பரம் செய்து ஆட்களை வரவழைத்தார். 1990 கணக்கெடுப்பில், அமெரிக்கப் பெருநிலத்திலேயே ஆசியர்கள் பெரும்பான்மையாக வாழும் முதல் நகரமாக அந்த ஊர் ஆகியிருந்தது. பிறகு சீனாவின் உள்மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், சமையலும் கூடவே வந்தது. சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள் என்பதால், இங்கே யாருக்காகவும் காரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

உணவகம் ஒரு சலவைக் கடையை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதில் பெயரை எழுதிவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். அண்ணனோடு வேலை பார்க்கும் பெண் ஒருவர் சிச்சுவானின் தலைநகரான செங்டுவைச் சேர்ந்தவர். அன்று எங்களுக்கு வழிகாட்டி அவர்தான். பட்டியலை நாங்கள் கையில் எடுப்பதற்கு முன்பே, பரிமாற வந்த அம்மாவிடம் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். அண்ணி சைவம் என்பதை மட்டும் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

முதலில் வந்தது மாப்போ டோஃபு, அண்ணிக்காக இறைச்சி சேர்க்காமல். 1862இல் செங்டுவில் ஒரு பாலத்தருகே கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்புள்ள பெண்மணியின் பெயரால் வழங்குவது என்கிறார்கள். எண்ணெய் சுமந்து வரும் கூலியாட்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்களாம். கரண்டியில் எடுத்தால் தளதளவென்று ஆடும் டோஃபு. மேலே செங்கல் நிறத்தில் எண்ணெய். அந்த நிறம் டோபான்ஜியாங் தருவது: பெரிய அவரை வகை ஒன்றையும் மிளகாயையும் உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. அதன் மேல் பழுப்பாக ஒரு பொடி தூவியிருந்தது. அதுதான் ஹுவாஜியாவ், சிச்சுவான் மிளகு என்று சொல்கிறார்களே, அந்தக் காய்த் தோட்டின் பொடி.

முதல் வாயில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற வாசம். காரம் பின்னாலேயே வந்தது. அது நமக்குப் பழக்கம்தான். அதற்கும் பிறகு, நாக்கின் நுனியிலும் உதட்டிலும் ஏதோ ஓடத் தொடங்கியது. மரத்துப்போவதும் துடிப்பதும் ஒரே நேரத்தில். வாயில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரே புளித்தது. பயமாக இல்லை. எங்கோ, எப்போதோ நாக்குக்குத் தெரிந்த விஷயம் போல இருந்தது. எது என்றுதான் பிடிபடவில்லை.

"அதற்குப் பெயர் மா. மிளகாய்க் காரம் லா. இரண்டும் சேர்ந்தால் மாலா" என்றார் அந்தப் பெண். மாப்போவில் வரும் மாவுக்கும் அதே எழுத்துதானாம். அங்கே தழும்பு, இங்கே மரப்பு. தட்டின் ஓரத்தில் ஒரு முழுத் தோட்டை எடுத்துக் காட்டினார். மிளகளவுதான் இருந்தது, பூ விரிந்தது போலப் பிளந்து, உள்ளே வெறுமையாக. கறுப்பு விதையை எறிந்துவிட்டு மேல்தோட்டை மட்டும்தான் சமையலுக்கு எடுக்கிறார்கள். எலுமிச்சை, நாரத்தை, நம் கறிவேப்பிலை எல்லாம் இதன் குடும்பம். அந்த உறவுதான் இதற்கு வினையாகவும் ஆயிற்று: எலுமிச்சை இனத்து மரங்களைத் தாக்கும் நோயைக் கொண்டுவரும் என்று அஞ்சி 1968இல் அமெரிக்கா இதன் இறக்குமதியைத் தடை செய்தது. சூடேற்றிப் பதப்படுத்தினால் கொண்டுவரலாம் என்று தடை தளர்ந்தது 2005இல்தான்.

சொற்களைப் பற்றி அவர் சொன்னதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சீனத்தில் ஜியாவ் என்றாலே முதலில் இந்தத் தோடுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வந்து சேர்ந்தபோது அதை லாஜியாவ் என்றார்கள். நாம் மிளகை வைத்து மிளகாய் என்றோமே, அதே கணக்கு. நம் மிளகு அங்கே ஹுஜியாவ், அதாவது அந்நியர்களின் ஜியாவ். நம் வீட்டு மிளகு வேறொரு வீட்டில் விருந்தாளியாக நிற்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்குள் மீன் வந்துவிட்டது. பெயர் "தண்ணீரில் வேகவைத்த மீன்". பத்தியக்காரர் சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். குளிக்கும் வாளி அளவு கிண்ணத்தில் வெள்ளை மீன் துண்டுகள், மேலே காய்ந்த மிளகாய், ஹுவாஜியாவ். அவற்றின் மீது கொதிக்கும் எண்ணெயைக் கடைசியில் ஊற்றியிருக்கிறார்கள். மேசைக்கு வந்த பிறகும் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. தாளிப்புதான் இது, வேறென்ன! எண்ணெயைக் குடிக்கக் கூடாது, மீனை மட்டும் அரித்து எடுக்க வேண்டும். துண்டுகள் உதட்டில் வைத்ததும் கரைந்தன. அன்றைய சாப்பாட்டில் என் ஓட்டு இதற்குத்தான்.

மீன் மணக் கத்திரிக்காயில் மீன் கிடையாது; இஞ்சி, பூண்டு, ஊறவைத்த மிளகாய், வினிகர், சர்க்கரை சேர்ந்த கலவைக்கு அப்படிப் பெயர். அண்ணி அந்தத் தட்டை யாருக்கும் விடவில்லை. "தான்தான்" நூடுல்ஸில் வரும் "தான்" என்றால் காவடித் தண்டு. ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் நூடுல்ஸுமாகத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர். அன்று வந்தது கொஞ்சம் குழைந்திருந்தது.

கிளம்பும்போது பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் ஹுவாஜியாவ் வாங்கினேன். மதுரைக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு தோட்டைக் கொடுத்து மெல்லச் சொன்னேன். அம்மா மென்றார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அக்கரகாரம் மாதிரி இருக்கிறதே! மூன்று வயதாகியும் உனக்குப் பேச்சு வரவில்லை என்று உன் ஆச்சி தேனில் உரைத்து நாக்கில் தடவுவாரே, அது. நீ எச்சில் ஒழுக ஒழுக, இன்னும் வேண்டும் என்று நாக்கை நீட்டுவாய்."

சொல்லிவிட்டு, இன்னொரு தோட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.