ஹெட்டு அங்கே, வண்டி இங்கே

பீஜோ எஞ்சின் ஜீப் வைத்திருப்பவர்கள் கம்பத்தில் இருந்தாலும் சரி, மூணாறில் இருந்தாலும் சரி, எல்லோர் போனிலும் அதே நாலைந்து நம்பர்தான் இருக்கும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு ஒருவர், கியர்பாக்ஸுக்கு ஒருவர், சாமான் தேடித் தருவதற்கு ஒருவர். எங்கள் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்புக்குள் இருப்பது எக்ஸ்டிபி என்ற பீஜோ எஞ்சின், 2112 சிசி. 1980களில் வந்த வண்டி. பின்னால் வந்த டிஐ எஞ்சினுக்கு ஊர்க் கடையிலேயே சாமான் கிடைத்துவிடும். பீஜோவுக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்த ஒரு ஆளிடம், கேரளத்துப் பக்கம், ஆடி மாதம் ஹெட்டைக் கொடுத்துவிட்டு நான் காத்திருந்த கதையைத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே சாமானைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

ஜீப் அப்பா வாங்கியது. நெடுங்கண்டம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. உரம் ஏற்றுவது, ஆட்களைக் கூட்டிப்போவது, எடுத்த காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோவது எல்லாம் இந்த வண்டிதான். கம்பம்மெட்டு ஏற்றத்தில் உர மூட்டையோடு போகும்போது சூடு ஏறி, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்தேன். கம்பத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைப் பொடித்துத் தூவினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில் வெள்ளைப் பொடி நனைந்து, தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரிசல்.

“இது நம்ம கையில ஆகாது தம்பி. மேல அனுப்பிரு” என்றார்.

அனுப்புவதற்கு முன்னால் ஹெட்டின் ஓரத்தில், ஸ்டட் துளைக்குப் பக்கத்தில், சென்டர் பஞ்சால் மூன்று புள்ளி குத்தினார். “சாக்பீஸ்ல பேர் எழுதினா மழையில போயிரும். இது போகாது.”

அந்தக் கேரளத்துக் கடைக்காரரின் கை தேர்ந்த கை, அதை மறைக்க எனக்கு மனசு வராது. எங்கள் பக்கத்தில் பல பீஜோ வண்டிகள் இன்னும் மலை ஏறுவது அவரால்தான். ஹெட்டைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். “ஒரு ஆழ்ச்ச மதி சேட்டா” என்றார், ஒரு வாரம் போதும் என்று. முன்பணம் வாங்கிக்கொண்டார். வேறு ஹெட்டு கிடைத்தால் அதைப் போடலாம், கிடைக்காவிட்டால் இதையே வெல்டு வைத்துத் தருகிறேன் என்பதுதான் பேச்சு.

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. சாமான் வரணும், வெல்டர் ஊரில் இல்லை, ஓணம் வந்துவிட்டது, மழை. அப்புறம் போனை எடுப்பதே இல்லை. எடுத்தால் கடைப் பையன்தான். “சேட்டன் வெளிய போயி.”

ஏலத்தில் காயெடுப்பைத் தள்ளிப்போட முடியாது. ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக வரும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் காய் பழுத்து வெடித்துக் கொட்டிவிடும். எடுத்த பச்சைக்காயையும் அன்றைக்கே டிரையரில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நிறம் போய்விடும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும், நிறமும் போனால் ஏலத்தில் என்ன விலை கேட்பார்கள்? இதெல்லாம் நடக்கிற மாதங்களில் வாடகை ஜீப்புக்குக் கொடுத்தே கை காய்ந்துபோனது. வாடகை வண்டி கிடைக்காத நாட்களில் காலை நாலரைக்கே சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற அக்காமார் கூலி இல்லாமல் திரும்பினார்கள். என் பண நஷ்டத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நேரில் போனேன். ஷெட்டின் பின்சுவர் ஓரமாக ஹெட்டுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சிலதில் சாக்பீஸ் எழுத்து பாதி அழிந்திருந்தது. மூன்று புள்ளியைத் தேடி என்னுடையதைக் கண்டுபிடித்தேன். கரி கூடத் துடைக்கப்படவில்லை. அண்ணன் தூவிய சாக்பீஸ் பொடி வால்வு ஓரத்தில் அப்படியே கட்டியாக ஒட்டியிருந்தது. கை வைக்கவே இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

என்னைப் போலவே வந்து நின்றவர்கள் அங்கே இருந்தார்கள். தேவிகுளத்துக்காரர் ஒருவர், அவர் கியர்பாக்ஸ் பெட்டியில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. வண்டன்மேட்டு எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: “டெல்லியில நின்னு சாமான் வரணும்”, அதாவது டெல்லியிலிருந்து. பழைய ஜீப் சாமானுக்கு டெல்லி காஷ்மீரி கேட் பெரிய சந்தைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆர்டர் போட்ட சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் தாமதத்தின் மேல் இல்லை. கிடைக்காத சாமானுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும், பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு அது பழக்கம். ஆனால் என் ஹெட்டு அவர் ஷெட்டில் இருக்கிற வரைக்கும் நான் வேறு யாரிடமும் போக முடியாது. வண்டி இங்கே கம்பத்தில் வாய் பிளந்து நிற்கிறது. என் வேலை, ஆட்களின் கூலி எல்லாமே அவர் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. அப்படி ஒருவனுடைய பிழைப்பைக் கையில் வைத்திருப்பவர் “இந்த மாதம் முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள்” என்ற ஒரு வார்த்தையைப் போனில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயம். அதற்காகத்தான் கையே வைக்க முடியாத வேலையையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

டிஐ எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடேன் என்று சொன்னவர்கள் உண்டு. எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அதுவும் போக, மலைக்குளிரில் விடியற்காலை ஹீட்டர் பிளக் சூடாகக் காத்திருந்து, ஒரே சாவித் திருப்பில் பீஜோ பிடிக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை மாற்ற எனக்கு இஷ்டமில்லை.

தேனியில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னது எல்லோருக்கும் உதவும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, மெக்கானிக் வேலை செய்து முடித்திருந்தால் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். வேலையே செய்யாமல் அந்த உரிமையைக் கோர முடியாது. உரிய நேரத்தில் திருப்பித் தராமல் போனால் அதற்குப் பிறகு பொருளுக்கு வரும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு, அது 161ஆம் பிரிவு. அடுத்தது, கடை கேரளத்தில் இருக்கிறதே, அங்கே போய் வழக்குப் போட வேண்டுமோ என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம்.

ஷெட்டில் பார்த்த தேவிகுளத்துக்காரரும் நானும் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டீஸ் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம். என்ன கொடுத்தோம், எந்தத் தேதியில், எவ்வளவு முன்பணம், என்ன சொன்னார், 15 நாளில் பொருளையும் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் அதில். திட்டு ஒன்றும் இல்லை. அட்டை திரும்பி வந்த வாரமே கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. ஹெட்டு கைக்கு வந்துவிட்டது. முன்பணத்தில் பாதி வந்தது. மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

ஹெட்டு இப்போது மதுரையில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறது. அந்த அண்ணாச்சி விரிசலைப் பார்த்துவிட்டு, “வெல்டு நிக்குமான்னு சந்தேகமா இருக்கு. பிரஷர் போட்டுப் பார்த்துட்டு வியாழக்கிழமை சொல்றேன். ஆகாதுன்னா காசு வேணாம், எடுத்துட்டுப் போயிருங்க” என்றார். வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டு, வெல்டு நிற்கும், வால்வு சீட்டு புதிதாகப் போட வேண்டும், அடுத்த வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தச் சுவரோரம் இன்னும் நிறைய ஹெட்டுகள் கிடக்கின்றன. உங்களுடையதும் அங்கே இருந்தால் எனக்கு எழுதுங்கள், நோட்டீஸ் நகலை அனுப்புகிறேன். பெயர், தேதி, தொகையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். முன்பணம் போனில் அனுப்பியிருந்தால் அந்த விவரத்தை எடுத்துக் கூடவே இணைத்துவிடுங்கள்.