சீவிய உரித்து

வாசிக்கத் தெரியாத ஒருவர் கைநாட்டு வைக்கும்போது, உறுதியை, அதாவது சொத்தைக் கைமாற்றும் பத்திரத்தை, முழுமையாக வாசித்து, அவருக்கு விளங்கும்படி சொல்லி, இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலேயே முடிக்க வேண்டும் என்பது இலங்கையின் 1907 ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசுகளான எங்கள்மேல் வைத்திருக்கும் கடமை. அந்தக் கடமை எந்த இடத்தில் முடிகிறது என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை.

கணவரை இழந்த அந்தத் தாய், தன் சீதனக் காணியையும் அதிலுள்ள வீட்டையும் மகனுக்கு நன்கொடையாக எழுத வந்திருந்தார். உறுதியில் சீவிய உரித்து, அதாவது கொடுப்பவர் தன் ஆயுள் முழுவதும் அந்தச் சொத்தை அனுபவிக்கும் உரிமை, ஒதுக்கப்படவில்லை. வீட்டைத் திருத்தக் கடன் எடுக்க வேண்டும், தாயின் சீவிய உரித்து இருக்கும் காணியை ஈடாக ஏற்க வங்கி தயங்கும் என்று மகன் கூறிய காரணம் பொய்யும் அல்ல. எல்லைகளையும் பரப்புக் கணக்கையும் வாசித்து முடித்த பின், உறுதியில் இல்லாத ஒன்றையும் நான் சொன்னேன்.

"அம்மா, சீவிய உரித்து வைச்சால் கண் மூடுமட்டும் அந்த வீட்டிலை இருக்கிற உரிமை உங்களுக்குத்தான். இதிலை அது இல்லை. நாளைக்கு மகன் வித்தாலும் நீங்கள் மறிக்க ஏலாது."

"அது எனக்குத் தெரியும், பிள்ளை. என்ர அம்மா எனக்குச் சீதனம் எழுதேக்கை வைச்சவ. நான் வைச்சால் பெடியனை நம்பேல்லை எண்டு எழுதினதாப் போயிடும். நீங்கள் இப்ப அவனுக்கு முன்னாலை சொல்லிப்போட்டியள்."

உறுதி அன்று முடியவில்லை. பிறகு வருவதாகச் சொல்லிப் போனவர்கள் வரவும் இல்லை.

சட்டப்படி நான் சொன்னதில் பிழையில்லை. கொடுத்த நன்கொடையைத் திரும்பப் பெறுவதற்குப் பிள்ளையின் கொடிய நன்றிகேட்டை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். எழுத்தறியாத ஒரு முதிய பெண், தன் வயிற்றில் பிறந்தவனுக்கு எதிராக அந்தப் படியேறுவது எவ்வளவு கடினம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். இலவசக் கல்வியில் படித்து வந்தவள் நான். அந்தக் கல்விக்கான செலவைத் தோட்டத்திலும் வயலிலும் உழைத்துச் சுமந்தவர்களில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவரைப் போன்ற பெண்களும் இருந்தார்கள். அவர்களிடம் என் அறிவை மறைத்து வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆனால் அவர் அறியாதவராக இருக்கவில்லை. எழுத்து இல்லாமலே அந்த உரித்தின் பயனையும், அதை விட்டுக்கொடுப்பதன் விலையையும் அவர் நிறுத்துப் பார்த்திருந்தார். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை அதே கதிரையில் இருந்திருந்தால் அதே தொனியில் பேசியிருப்பேனா என்று கேட்டுக்கொள்கிறேன். பேசியிருப்பேன் என்றே பெரும்பாலும் தோன்றுகிறது, சில வேளைகளில் தோன்றுவதில்லை. மூத்த சட்டத்தரணி ஒருவர், உறுதியில் உள்ளதை விளக்குவதே நொத்தாரிசின் வேலை, இல்லாததை விளக்கத் தொடங்கினால் ஒரு பக்கத்துக்கு ஆலோசகராகிவிடுவாய் என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. எனினும் கேட்கும் பக்கமும் கொடுக்கும் பக்கமும் சம பலத்துடன் என் மேசைக்கு வருவதில்லையே.

அந்த உறுதி வேறொரு நொத்தாரிசிடம் முடிந்திருக்கக்கூடும். அப்படியானால் என் விளக்கத்தால் அவருக்கு எந்தக் காப்பும் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடும் இருவருக்கிடையில் நான் சொன்ன வார்த்தைகள் மட்டும் கிடக்கும். முடியாமல் போயிருந்தால், நான் ஒரு தாயின் வீட்டைக் காத்தேனா, ஒரு மகனின் கடனைத் தடுத்தேனா என்பதையும் பிரித்தறிய வழியில்லை.

இப்போதெல்லாம் உறுதி எழுதுவதற்கு முன்பே கொடுப்பவரைத் தனியே அழைத்துப் பேசுகிறேன். அதுவும் எளிதாக இல்லை. பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்லும்போதே பாதி செய்தி அவர்களுக்குப் போய்விடுகிறது. அண்மையில் தகப்பனுடன் வந்த மகள் ஒருத்தி, "எனக்குத் தெரியாமல் அப்பாவோடை என்ன கதை?" என்று கேட்டாள். எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவேன் என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை, ஆனாலும் தகப்பனை உள்ளே அனுப்பினாள்.