காத்திருக்க வைக்கப்பட்ட விமானிகள்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அந்தக் காலையில், இன்று நாம் மாலை நடைக்குப் போகும் குதிரைப்பந்தயத் திடல் பிரித்தானிய வான்படையின் ஓடுபாதையாக இருந்தது. அங்கிருந்தும் இரத்மலானையிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் பல திரும்பி வரவில்லை. நேச நாடுகளுக்கு எல்லா முனைகளிலும் விமானிகள் தேவைப்பட்ட காலம் அது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகியில், கறுப்பின இராணுவ விமானிகளின் முதல் அணியினர் ஐவர் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். ஆனால் அவர்களுடைய 99 ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமான அணி போர்முனைக்குப் புறப்படுவதற்கு 1943 ஏப்ரல் ஆகிவிட்டது.

அந்த விமானிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், அவர்கள் வென்ற சண்டைகளைவிட இந்தக் காத்திருப்பே என் மனதை அதிகம் உறுத்துகிறது. கறுப்பினத்தவருக்குத் துணிவும் அறிவாற்றலும் குறைவு என்று 1925இல் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கையே எழுதி வைத்திருந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, ஜோர்ஜியாவில் பிறந்த கறுப்பினத்தவரான யூஜின் புல்லார்ட் முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போர் விமானம் ஓட்டியிருந்தார். அமெரிக்கா அந்த யுத்தத்தில் இறங்கியதும் தன் நாட்டுப் படையில் சேர விண்ணப்பித்த அவரை அது ஏற்கவில்லை. கண்முன்னே சான்று இருந்தும் அதைப் பார்க்க மறுத்தவர்களே பிறகு மற்றவர்களிடம் சான்று கேட்டார்கள்.

ஸ்குவாட்ரனின் தளபதி பெஞ்சமின் டேவிஸ், அந்த ஐவரில் ஒருவர். வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளும் அவருடன் அறையைப் பகிர எவரும் இல்லை. சாப்பாட்டு மேசையிலும் தனிமைதான். கடமைக்கு அப்பால் சக மாணவர்கள் அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. 1943இல் அவருடைய விமானிகள் சண்டைக்குத் தகுதியற்றவர்கள் என்று மேலதிகாரி ஒருவர் அறிக்கை அனுப்பியபோது, டேவிஸ் வாஷிங்டனுக்கே சென்று குழுவொன்றின் முன் பதில் சொன்னார். 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரைக்கு மேலே இரண்டே நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை அவர்கள் வீழ்த்திய பின்னரே அந்தப் பேச்சு அடங்கியது.

வால்பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசிய விமானங்களில், குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக அவர்கள் பறந்தார்கள். காவலில் ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அது உண்மையல்ல என்று அமெரிக்க வான்படை வரலாற்றாசிரியர் டேனியல் ஹால்மன் ஆவணங்களிலிருந்து காட்டினார். அவர் கணக்கில் இழப்பு 27. அதே படையின் ஏனைய காவல் அணிகளின் சராசரியோ 46. இந்த எண்ணே அவர்களுக்கு உரிய மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பிழையும் செய்யாதவர்களுக்கு மட்டுமே சம உரிமை என்றால், அது உரிமையே அல்ல.

1945 மார்ச் 24 அன்று அவர்கள் இத்தாலியிலிருந்து பெர்லின் வரை பறந்து, ஜெர்மனியின் புதிய ஜெட் விமானங்களில் மூன்றை வீழ்த்தினார்கள். இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில், இந்தியானா மாநிலத்தின் ஃபிரீமன் தளத்தில், டஸ்கீகி வழிவந்த அதிகாரிகள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த கழகத்துக்குள் நுழைந்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பாகுபாட்டு விதியை ஏற்பதாகக் கையொப்பமிட மறுத்தவர்கள் 101 பேர். அவர்களும் காவலில் வைக்கப்பட்டார்கள். நாஜிகளை எதிர்த்த ஒரு படைக்குள்ளேயே இது நடந்தது. 1948இல் ஜனாதிபதி ட்ரூமன் ஆயுதப் படைகளில் சம நடத்துகைக்கு உத்தரவிட்டார். ஆனால் ஃபிரீமன் தளத்தில் இராணுவ நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்ட ஒரே அதிகாரியான ரோஜர் டெரியின் பெயரிலிருந்த அந்தத் தீர்ப்பு 1995இல்தான் நீக்கப்பட்டது.