மழை நாளில் ஃப்ரைபுர்க்: கல் வாயிலிருந்து கொட்டும் நீரை ஃபிலிமில் பிடித்த அனுபவம்

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரப் பேராலயத்துச் சுவரிலிருந்து கழுத்தை நீட்டி நிற்கும் கல்லுருவம் ஒன்று மழைநீரைக் கக்குவதும், அந்த நீர்த்தாரை பாதித் தூரம் வரை அறுபடாமல் இறங்குவதும் ஒரே நெகட்டிவில் தெளிவாகப் பதிந்துவிட்டன. இந்தச் சுருளைக் கழுவி எடுத்து விளக்கின் முன் பிடித்துப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

வானிலை அறிவிப்பு நாள் முழுவதும் மழை என்று சொன்னதால், கார்ல்ஸ்ரூஹேயில் எங்கள் விடுதியிலிருந்து கிளம்புவதாக இருந்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கார்காயில் எனப்படும் இந்த உருவங்களைப் படமெடுக்க விரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல அறிவிப்பு இல்லை. நம் கோயில்களில் அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியேறுவதைப் போல, கூரையில் சேரும் மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி வீசுவதற்காகச் செதுக்கப்பட்டவை அவை. வெயில் நாளில் அவற்றைப் படமெடுத்தால் வேலை செய்யாத குழாயைப் படமெடுத்ததாகவே ஆகும். டாய்ச்லாண்ட் டிக்கெட் எனும் மாதாந்தரப் பயணச்சீட்டில் அதிவேக ரயில்களில் ஏற முடியாது என்பதால் வட்டார ரயிலில் ஏறி, ரைன் சமவெளியின் நனைந்த சோளக் கொல்லைகளையும், கிழக்கே மேகத்தில் பாதி மறைந்திருந்த கருங்காட்டு மலைகளையும் பார்த்தபடி சென்றேன். மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று அந்த மலைகளில் மோதி மேலெழுவதால் அந்தப் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமில்லை.

பேராலயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1200-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய கட்டுமானம் இது. 116 மீட்டர் உயரமுள்ள கோபுரம் 1330 வாக்கில் முடிந்தது. 1944 நவம்பர் 27-ஆம் தேதி இரவு நடந்த குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி இடிந்தபோதும் பேராலயம் தப்பியது. கோபுரத்தின் கீழுள்ள நுழைவு மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கியபோது, சந்தையில் விற்கும் ரொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சுவரில் வெட்டப்பட்ட அளவுகளைப் பார்த்தேன். 1270, 1317 ஆகிய ஆண்டுகளின் அளவுகள் வேறுபடுகின்றன. விளைச்சல் குறைந்தால் விலையை உயர்த்தாமல் ரொட்டியைச் சிறிதாக்கும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மழை வானம் பார்ப்பதற்கு மங்கலாகத் தோன்றினாலும் கேமராவுக்கு அது ஒரு பெரிய வெள்ளைத் திரை. வெள்ளைத் திரைக்கு முன்னால் விழும் நீர், படத்தில் காணாமல் போய்விடும். உருவம் கருப்பு நிழலாக நிற்கும், அதன் வாயிலிருந்து எதுவும் வராது. நீர் தெரிய வேண்டுமானால் அதன் பின்னால் இருண்ட பரப்பு இருந்தாக வேண்டும். அதற்காகச் சதுக்கத்தின் நடுவில் நிற்பதை விட்டுவிட்டு, சுவரை ஒட்டியபடி நின்று, அடுத்த முட்டுச்சுவர் பின்னணியாக வரும்படி பக்கவாட்டில் அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கிறவர் மேல் பக்கத்து உருவத்தின் நீர் கொட்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது ஒளியளவு. நனைந்த செம்மணற்கல் நன்றாகக் கறுத்துவிடுகிறது. ஒளியை அளக்கும் மீட்டர் அதை நடுச் சாம்பல் நிறமாக்கவே முயலும். அதன் பேச்சைக் கேட்டால் கல்லும் நீரும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். 135 மி.மீ. லென்ஸில் 1/125 நொடிக்கு மீட்டர் எஃப்/4 துளையளவைக் காட்டிய இடத்தில், ஒளியைப் பாதியாக்கும் எஃப்/5.6 வைத்தேன். கல் கருமையாகவே தங்கியது, நீர் தனித்து வெளுத்தது. 1/500-இல் நீர்த்தாரை மணிமணியாக உடைந்து, நீரா தூசியா என்று தெரியாமல் போகிறது. 1/30-இல் பட்டையாகக் குழைகிறது, கையும் நடுங்குகிறது. என் ரசனைக்கு 1/125 போதும். 400 ஐ.எஸ்.ஓ. வேகமுள்ள இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை 800 என்று வைத்து எடுத்து, டவலப் நேரத்தைக் கூட்டித் தள்ளியதிலும் ஒரு கணக்கு உண்டு. கூடுதல் நேரம் டவலப் செய்வதால் நிழல் பகுதியில் புதிதாக விவரம் எதுவும் முளைக்காது, வெளிச்சப் பகுதிதான் மேலே ஏறும். மழை நாளின் தட்டையான ஒளிக்கு அதுவே தேவைப்பட்டது.

காட்டக் கூடாத பின்புறத்தைச் சதுக்கத்துக்குக் காட்டியபடி நிற்கும் புகழ்பெற்ற உருவத்தையும் எடுத்தேன். கூலி கொடுக்காதவர்களைப் பழிவாங்கச் சிற்பி அப்படிச் செதுக்கினார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பேராயரின் மாளிகையை நோக்கித்தான் அது திரும்பியிருக்கிறது என்ற கதை மட்டும் ஒட்டவில்லை. ஃப்ரைபுர்க் பேராயரின் இருப்பிடமானதே 1827-இல்தான்.

இவ்வளவும் சுலபமான பகுதி. உண்மையான போராட்டம் விடுதிக் குளியலறையில் நடந்தது. டவலப் செய்யும் தொட்டிக்குள் வைக்கும் வரிகள் கொண்ட பிளாஸ்டிக் ரீலில், இருட்டில் ஃபிலிமை ஏற்றுவது ஈரப்பதமான நாளில் எவ்வளவு பெரிய தண்டனை என்பது ஏற்றியவர்களுக்குத் தெரியும். ரீலின் வரிகளில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தாலும், ஃபிலிமைப் பற்றி உள்ளே இழுக்கும் அதன் சிறு உருண்டைகள் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டாலும், ஃபிலிம் பாதியில் நின்றுவிடும். வெளிச்சம் புகாதபடி கைகளை உள்ளே விட்டு வேலை செய்யும் இருட்டுப் பையில் கை வியர்க்கும், அந்த வியர்வை நிலைமையை மேலும் கெடுக்கும், பலமாகத் தள்ளினால் ஃபிலிமில் பிறை வடிவ மடிப்பு விழும். இம்முறை ரீலை முடி உலர்த்தும் கருவியால் நன்றாகச் சூடாக்கி ஆறவைத்தேன்; ஃபிலிம் முனையின் இரு மூலைகளையும் சற்றே வளைவாக வெட்டினேன்; பையை ஒதுக்கிவிட்டு இரவில் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஐடி-11 டவலப்பர் கரைசலில், நீர் கலக்காமல், 20 டிகிரியில் பத்தரை நிமிடம். அலமாரியைப் பற்றி அறைத் தோழர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டியதில்லை.

கடைசி அலசலுக்கு விடுதிக் குழாய் நீரைப் பயன்படுத்தாதீர்கள்; சுண்ணாம்புப் புள்ளிகள் உலர்ந்த நெகட்டிவில் நிரந்தரமாகிவிடும். இஸ்திரிப் பெட்டிக்கென்று மருந்தகக் கடைகளில் ஐந்து லிட்டர் கேனில் விற்கும் உப்பு நீக்கிய நீர் மலிவானது, போதுமானது. ஃபிலிம் விலையைப் பற்றிப் பேசினால் மாதச் செலவுக் கணக்கு நினைவுக்கு வந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். துருப்பிடிக்காத எஃகு ரீல் ஒன்றைப் பழைய பொருள் விற்கும் தளத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். அது நடுவிலிருந்து வெளிப்புறமாக ஏறுவதால் ஈரத்தைப் பொருட்படுத்தாது என்கிறார்கள். பழகுவதற்கு ஒரு வீணான சுருளைப் பகல் வெளிச்சத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

படங்களை இன்னும் தாளில் போடவில்லை, அதற்குள் மனம் எல்லைக்கு அப்பால் பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்குக்குப் போய்விட்டது. எல்லையோரத்துக் கேல் நகரில் இறங்கினால் டிராமிலேயே ரைன் ஆற்றைக் கடந்துவிடலாம். அங்கும் செம்மணற்கல் பேராலயம்தான், அதன் கோபுரம் 142 மீட்டர். 200 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கும் வகுப்புத் தோழி அதைக் கடனாகத் தரச் சம்மதித்திருக்கிறார், மழையில் நனைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. குடையைத் தோளில் கட்டிக்கொள்ள ஒரு கவ்வி தேடிக்கொண்டிருக்கிறேன்.