வாள் அலகைக் கையாலேயே சீர்செய்வது

துருப்பிடித்த வாள் கைக்கு வந்ததும் கிரைண்டரைத் தேடாதீர்கள். தோய்ச்சல் போட்ட, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய உருக்கு, சக்கரத்தில் பட்ட சில நொடிகளிலேயே நீலம் பாரித்துவிடும். நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிவிட்டது, அங்கே கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், கடினம் திரும்பாது. வெல்டிங்கும் இதே காரணத்தால் கூடாது, ஒட்டின இடத்தின் ஓரமே பிறகு வெடிக்கும்.

முதலில், தொடலாமா என்று பாருங்கள். சிங்கமுகப் பிடி வைத்த பழைய கஸ்தானே (இலங்கையின் மரபு வாள்), வெள்ளி பதித்த வேலைப்பாடு, ஒரே சீராகக் கறுத்த அலகு: இவற்றுக்கு எண்ணெயோடு நிறுத்துங்கள். மினுக்கினால் அந்த வாளின் வயதையும் சேர்த்து மினுக்கி எடுத்துவிடுவீர்கள். வாளைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் வாள்களை ஒப்படைக்கும்படி பொலிஸ் கேட்டது நினைவிருக்கும். கோயில் வாளானாலும் வெளியே எடுக்குமுன் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்தது வெடிப்புச் சோதனை. அலகில் மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து கருங்கோடாகக் காட்டிக்கொடுக்கும். வாயிலிருந்து, அதாவது வெட்டும் ஓரத்திலிருந்து, முதுகை நோக்கி ஓடும் கோடு கண்டால், அந்த வாள் இனி சுவருக்குத்தான்.

மெல்லிய வளைவு என்றால் சூடு காட்டாமலே நிமிர்த்தலாம். மூன்று மரக்கட்டைகளுக்கிடையே வைத்துச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். உருக்கு துள்ளித் திரும்பும் என்பதால் நேர்க்கோட்டைச் சற்றுத் தாண்டி அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் மடிந்த வளைவை வீட்டில் தொடாதீர்கள்.

வாயில் பல் விழுந்து சிதைந்திருந்தால், 1 மில்லிமீற்றருக்குக் குறைவானதை அப்படியே விடுவதே என் கட்சி. ஆழமானதை எடுக்க வேண்டுமானால் பல்லை மட்டும் அராவக் கூடாது, அங்கே பள்ளம் விழும். இரு பக்கமும் பத்து சென்ரிமீற்றர் வரை வாயைச் சாய்வாக இறக்கிச் சேருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் நன்றாக இருக்கிறது. வைர அரமோ 120 இலக்கக் கல்லோ எடுங்கள்.

பொறுமை கேட்கும் வேலை மினுக்குவதுதான். கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் 240, 320, 400, 600, 800, 1000, 1500 இலக்க வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) வாங்கிக்கொள்ளுங்கள். அலகைப் பலகையில் இறுக்கி, வாயை மாஸ்கிங் ரேப்பால் மூடுங்கள். தாளை விரலில் வைத்துத் தேய்த்தால் அலகு அலை அலையாகும், ஓரங்கள் உருண்டுவிடும்; தட்டையான கடுமரத் துண்டில் சுற்றுங்கள். நடுவே ஓடும் பள்ளத்துக்கு அதன் அளவுக்கேற்ற உருளைக் கம்பு. நனைக்கும் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்தால், தேய்க்கும்போதே துரு எழும்புவது குறையும்.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் திசையை மாற்றுங்கள்: 240 இடச்சாய்வென்றால் 320 வலச்சாய்வு. முந்தின கீறல் ஒன்றுகூட மிஞ்சாத பிறகுதான் அடுத்த தாள். 1000இல் தெரியும் கீறல் பெரும்பாலும் 320இல் அவசரப்பட்டதன் விளைவு, திரும்பவும் அங்கிருந்தே வர வேண்டும். கடைசித் தாளை மட்டும் நீளவாட்டில் ஓட்டுங்கள். ரியூப் லைற்றின் பிரதிபலிப்பை அலகில் பாருங்கள். கோடு நெளிந்தால் தட்டை போய்விட்டது. ஆழமான துருக்குழிகளைத் துரத்த வேண்டாம். அவற்றின் அடிவரை தேய்த்தால் வாள் மெலிந்துவிடும்.

பித்தளை விளக்குக்குப் போடும் பழப்புளியைப் பித்தளைப் பிடியோடு நிறுத்துங்கள். உருக்கில் அமிலம் தங்கினால் அடுத்த நாளே செந்துரு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்று வெறும் அலகை விட்டுவைக்காது. வேலை முடிந்ததும் கைரேகை படாமல் ஸ்பிரிற்றால் துடைத்து, தையல் மெசின் எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் காறிப்போய்த் தானே அமிலமாகும். சுவரில் மாட்டுவதானால் எண்ணெயை விட மெழுகு நல்லது, தூசி ஒட்டாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகு கிடைத்தால் அதையே எடுப்பேன். தோலுறையில் போட்டுவைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், முக்கியமாகப் பிடியும் அலகும் சேரும் இடுக்கை. உள்ளே தண்ணீர் இறங்கினால் பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் வால்பகுதியே முதலில் அரிக்கும். அங்கே ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.